சிந்து எழுத்தைப் படித்துவிட்டார்களா? ஓர் ஆய்வு முடிவைத் துறை ஏற்றதா என்று தெரிந்துகொள்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது அக்கா மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடும். "மாமா, சிந்து எழுத்தைப் படிச்சாச்சாம்!" ஒரு தடவை அது தமிழாக இருக்கும், அடுத்த தடவை சமஸ்கிருதமாக இருக்கும். அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் எழுதிய பதில்களைச் சேர்த்ததுதான் இது. நான் தொல்லியல் படித்தவன் இல்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தவன். யாரை யார் மேற்கோள் காட்டுகிறார்கள், யாரைக் கண்டுகொள்ளாமல் போகிறார்கள் என்பது அந்த வேலையில் தானாகக் கண்ணில் படும்.

முதலில் நேரடியாகச் சொல்லுங்கள். படித்துவிட்டார்களா, இல்லையா?

இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் படித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றைக்கூடத் துறை ஏற்கவில்லை.

"துறை ஏற்கவில்லை" என்றால்? யார் ஏற்க வேண்டும்? ஓட்டெடுப்பு நடத்துகிறார்களா?

ஓட்டெடுப்பு கிடையாது. முத்திரை குத்தித் தர ஓர் அலுவலகமும் கிடையாது. அதனால்தான் இந்தக் குழப்பமே.

ஏற்றுக்கொண்ட ஒரு முடிவு எப்படி இருக்கும் என்று முதலில் பார்ப்போம். சிந்து எழுத்து பெரும்பாலும் வலமிருந்து இடமாகப் போகிறது என்பது அப்படி ஒன்று. சிந்துவெளியில் கிடைத்த முத்திரையை மண்ணில் அழுத்தி எடுத்த அச்சைப் பாருங்கள். வலது ஓரத்தில் குறிகள் தாராளமாக இடம்விட்டுத் தொடங்கும். இடது ஓரத்துக்கு வரும்போது, சிலவற்றில் கடைசிக் குறியை ஒடுக்கி நெருக்கித் திணித்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டு ஓரத்தில் இடம் போதாமல் நாம் திண்டாடியதுபோல. ராஜஸ்தானில் இருக்கும் சிந்து ஊரான காலிபங்கனில் கிடைத்த பானை ஓட்டில் கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதை வைத்து, எது முதலில் கீறப்பட்டது, எது பிறகு என்று தொல்லியலாளர் பி.பி. லால் 1966-இல் காட்டினார்.

இன்றைக்கு ஒரு கட்டுரையை எடுத்தால் "வலமிருந்து இடமாக எழுதப்பட்டது" என்றுதான் இருக்கும். "லால் இப்படிக் கருதுகிறார்" என்று யாரும் எழுதுவதில்லை. நான் கவனித்தவரை ஏற்புக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. சொன்னவர் பெயர் உதிர்ந்து, முடிவு மட்டும் நிற்கும். மற்றவர்கள் அதன்மேல் அடுத்த செங்கல்லை வைத்திருப்பார்கள்.

"இன்னார் என்கிறார்", "இன்னாரின் கருத்துப்படி" என்று 30 வருடம் கழித்தும் பெயரோடு சேர்த்தே ஒரு முடிவைச் சொல்கிறார்களா? அப்படியென்றால் அது இன்னும் அவருடைய சொந்தச் சரக்குதான்.

ஒரு பழைய எழுத்தைப் படித்து, துறையே ஏற்றுக்கொண்டது உண்டா?

உண்டு. கிரேக்கத்தில் களிமண் பலகைகளில் கிடைத்த லீனியர் பி என்ற எழுத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மைக்கேல் வென்ட்ரிஸ் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. அந்தக் களிமண் பலகைகளில் இருப்பது பழைய இத்தாலியின் எட்ரஸ்கன் சார்ந்த மொழியாக இருக்கும் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். குறிகள் எங்கே வருகின்றன, எதற்குப் பிறகு எது வருகிறது என்று கட்டம் போட்டுப் பார்த்ததில், வந்து நின்றது கிரேக்கம். அவர் எதிர்பார்த்த விடை அது இல்லை. 1952 ஜூலையில் பிபிசி வானொலியில் அறிவித்தார். ஜான் சாட்விக் என்ற மொழியியலாளர் உடன் சேர்ந்தார். மற்றவர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

பைலோஸ் என்ற இடத்தில் அகழாய்வு செய்த கார்ல் பிளேகனிடம் புதிதாகக் கிடைத்த பலகைகள் இருந்தன. 1953-இல் அவற்றைச் சுத்தம் செய்து பார்க்கும்போது ஒரு பலகையில் பாத்திரங்களின் படங்கள் வரிசையாக இருந்தன. வென்ட்ரிஸின் ஒலிப்பட்டியலை வைத்து அவற்றின் பக்கத்தில் இருந்த எழுத்துகளைப் படித்தார். முக்காலிப் பாத்திரத்தின் பக்கத்தில் "திரிபோ" என்று வந்தது, கிரேக்கத்தில் மூன்று கால். நான்கு பிடி வைத்த ஜாடிக்குப் பக்கத்தில் "நான்கு காது" என்று பொருள்படும் சொல். மூன்று பிடி வைத்ததற்கு "மூன்று காது". பிடியே இல்லாததற்கு "காதில்லாதது". (நாமும் அண்டாவுக்குக் காது என்றுதானே சொல்கிறோம். அந்த ஊரிலும் அப்படித்தான்.)

வென்ட்ரிஸ் தன் பட்டியலைப் போடும்போது இந்தப் பலகை அவர் கையில் இல்லை. படித்துப் பார்த்தவரும் வேறு ஆள். படம் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம், இரண்டும் பொருந்துகின்றன. இதற்குப் பிறகு எதிர்ப்பு கரைந்துபோனது. எடின்பரோவில் ஒரு கிரேக்கப் பேராசிரியர் மட்டும் ஒத்துக்கொள்ளாமலே இருந்தார். ஒருவர் முரண்டு பிடிப்பதால் ஏற்பு இல்லாமல் போய்விடாது. எல்லோரும் தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தால் உலகத்தில் எதுவுமே ஏற்கப்பட்டதாக இருக்காது.

கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனே அது திராவிடம் என்று சொல்லியிருக்கிறாரே, அது போதாதா?

எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

மகாதேவன் செய்த வேலைகள் குறைந்தது மூன்று. ஒன்று, தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைப் படித்தது. புகழூர்க் கல்வெட்டில் சேரல் இரும்பொறை மரபின் மூன்று தலைமுறை அரசர்கள் இருப்பதை 1965-இல் கண்டறிந்தார். சங்கப் பாட்டில் வரும் பெயர்கள் கல்லிலும் கிடைத்தன. இன்றைக்குத் தமிழ்-பிராமியைப் பற்றி எழுதுகிற எவரும் அவருடைய வாசிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். இங்கேகூட ஒரு பிரிவு உண்டு. வாசிப்பு ஏற்கப்பட்டது, ஆனால் அவர் கொடுத்த காலக்கணக்கை இப்போது பொருந்தல், கீழடி ஆய்வுகளை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

இரண்டாவது, 1977-இல் வந்த சிந்து எழுத்துத் தொகுப்பு. எந்தக் குறி, எந்தப் பொருளில், எந்த இடத்தில், எத்தனை தடவை என்ற பட்டியல். குறிகள் மொத்தம் 417 என்று கணக்கிட்டார். அவருடைய முடிவுகளை ஏற்காதவர்கள்கூட இந்தத் தொகுப்பை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். சிந்துக் குறிகள் எழுத்தே இல்லை என்று வாதிட்டவர்களும் இதிலிருந்துதான் கணக்கெடுத்தார்கள்! இதற்கு மேல் என்ன ஏற்பு வேண்டும்?

மூன்றாவது, சில குறிகளுக்கு அவர் சொன்ன திராவிடப் பொருள்கள். இவற்றை ஆர்வத்தோடு படிக்கிறார்கள், மேற்கோள் காட்டுகிறார்கள், விவாதிக்கிறார்கள். ஆனால் "மகாதேவன் என்கிறார்" என்று பெயரோடுதான் சொல்கிறார்கள்.

ஆள் ஒருவர்தான். மூன்று வேலைக்கும் மூன்று கதி. ஆகவே "அவர் பெரிய அறிஞரா?" என்று கேட்டால் ஆமாம் என்பேன். "அவர் சொன்ன இது ஏற்கப்பட்டதா?" என்பது வேறு கேள்வி.

குஜராத்தில் இருக்கும் சிந்து நகரமான லோத்தலைத் தோண்டிய எஸ்.ஆர். ராவுக்கும் இதேதான். அகழாய்வாளராக அவருக்குப் பெரிய இடம் உண்டு. 1982-இல் அவர் வெளியிட்ட, சிந்து எழுத்தில் சமஸ்கிருதத்துக்கு நெருங்கிய மொழி இருக்கிறது என்ற வாசிப்பை எடுத்துப் பயன்படுத்துவோர் இல்லை.

திராவிட மொழி என்பதையாவது ஏற்றுக்கொண்டார்களா?

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள், எதிர்த்தரப்பும்தான். இதில் நான்கு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

அந்தக் குறிகள் ஒரு மொழியை எழுதிவைத்தவையா? இதில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஆம் என்கிறார்கள். பலமான எதிர்ப்பும் இருக்கிறது, கீழே வருகிறேன்.

அந்த மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்ததா? இருக்க வாய்ப்பு உண்டு என்பதைப் பலரும் மதிக்கிறார்கள். மற்ற எந்தக் குடும்பத்தையும்விட வாய்ப்பு அதிகம் என்று சொல்வோர் நிறைய. பலூசிஸ்தானில் இன்றும் பேசப்படும் பிராகுயி திராவிட மொழி. ரிக் வேதத்திலேயே திராவிடச் சொற்கள் இருக்கின்றன. குறிகள் அடுக்கப்பட்ட விதம் சொல்லின் கடைசியில் உருபு சேரும் மொழியைப்போலத் தோன்றுகிறது. மறுப்பவர்களும் காரணத்தோடுதான் மறுக்கிறார்கள். ஹார்வர்டின் மைக்கேல் விட்ஸல், ரிக் வேதத்தின் மிகப் பழைய பகுதிகளில் இருக்கும் கடன்சொற்கள் திராவிடமாகத் தெரியவில்லை என்றும் கிழக்கிந்தியப் பழங்குடிகள் பேசும் முண்டா மொழிகளை ஒத்த வேறு மொழியாகத் தெரிகிறது என்றும் வாதிடுகிறார். ஆக, இது மதிப்புள்ள ஒரு கருதுகோள். தீர்ந்துபோன விஷயம் இல்லை.

குறிப்பிட்ட குறிகளுக்குச் சொன்ன ஒலிகள் சரியா? இதற்கு மீன் குறிதான் எல்லோரும் காட்டும் உதாரணம். மீன் என்றால் நீரில் நீந்துவது, வானத்தில் மின்னுவதும் மீன்தான். பம்பாயில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் ஹென்றி ஹெராஸ் தொடங்கிவைத்த யோசனை இது. பின்லாந்தின் அஸ்கோ பர்ப்போலா வளர்த்தார். ஆறு கோடும் மீனும் அறுமீன், அதாவது கார்த்திகை. ஏழு கோடும் மீனும் எழுமீன், சப்தரிஷி மண்டலம். இரண்டு சொல்லும் சங்கப் பாட்டில் இருக்கின்றன. அழகாக இருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பைலோஸ் பலகைபோல, வெளியே இருந்து ஒரு பொருள் வந்து "ஆமாம், இது நட்சத்திரம்தான்" என்று சாட்சி சொல்லவில்லை. ஏழு கோடும் மீனும் ஏழு மீனாகவே இருந்துவிடலாமே என்று ஒருவர் கேட்டால் அவர் வாயை அடைக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

கடைசிக் கேள்வி, அது தமிழா? சிந்து நகரங்கள் செழித்திருந்தது ஏறத்தாழ கி.மு. 2600 முதல் 1900 வரை. திராவிடம் என்றே வைத்துக்கொண்டாலும், அது தமிழுக்கும் பிராகுயிக்கும் பொதுவான மூதாதைக்கு நெருங்கிய ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

செய்தித் தலைப்பு நான்காவது கேள்விக்கு ஆம் என்று சொல்லும். உள்ளே போனால் ஆய்வாளர் இரண்டாவது கேள்விக்கு "இருக்கலாம்" என்றிருப்பார்.

சிந்து எழுத்தைப் பற்றி சயின்ஸ் என்ற பெரிய அறிவியல் இதழிலேயே வந்துவிட்டதே?

2009-இல் ராஜேஷ் ராவ், மயங்க் வாஹியா, மகாதேவன் முதலியோர் எழுதிய கட்டுரை. ஒரு குறிக்குப் பிறகு அடுத்த குறி எது என்பதில் எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு சுதந்திரம் என்று கணினியில் அளந்தார்கள். தமிழ், சமஸ்கிருதம், சுமேரியம், டிஎன்ஏ, ஒரு கணினி மொழி எல்லாவற்றோடும் ஒப்பிட்டார்கள். சிந்துக் குறிகள் மனித மொழிகளின் பக்கத்தில் போய் விழுந்தன. கட்டுரை சொன்னது அவ்வளவுதான். படித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை.

அடுத்த வருடமே ரிச்சர்ட் ஸ்ப்ரோட் என்ற கணினி மொழியியலாளர், அந்த அளவுகோல் எழுத்தையும் எழுத்தல்லாத குறிகளையும் பிரித்துக் காட்டாது என்று மறுத்தார். பெரிய பொது அறிவியல் இதழ்கள் இத்தகைய கட்டுரைகளை யாரிடம் கொடுத்துச் சரிபார்க்கின்றன என்றும் கேட்டார். ராவ் குழு பதில் எழுதியது. பெரிய இதழில் வந்தது என்றால் இரண்டு மூன்று பேர் படித்துவிட்டு அச்சிடலாம் என்றார்கள் என்று அர்த்தம். விவாதம் அங்கேதான் தொடங்கும்.

அது எழுத்தே இல்லை என்று சொல்பவர்களை யாராவது ஏற்கிறார்களா?

2004-இல் ஸ்டீவ் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்ஸல் மூவரும் எழுதியது. சிந்துப் பொறிப்புகளில் சராசரியாக 5 குறிகள்தான் இருக்கும், ஒரே பக்கத்தில் அதிகபட்சம் 17. நீளமான ஒரு வாசகம்கூட இல்லாத எழுத்து உண்டா என்றார்கள். 50 குறிக்கு மேல் உள்ள பொறிப்பைக் காட்டினால் 10,000 டாலர் தருவதாக ஃபார்மர் அறிவித்தார். பர்ப்போலா உட்படப் பலர் மறுத்தார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு எழுதுபவர்கள் இந்த வாதத்துக்குப் பதில் சொல்லாமல் நகர முடிவதில்லை. ஏற்பு, நிராகரிப்பு என்ற இரண்டு பெட்டிக்கு நடுவில் இப்படி ஒரு நிலையும் உண்டு. ஒத்துக்கொள்ளவில்லை, தாண்டியும் போக முடியவில்லை.

நம் பெருமையை மறைக்க நடக்கும் சதிதானே இது?

திராவிடக் கருதுகோளைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார்? ஸ்பானியர், பின்லாந்துக்காரர், ரஷ்யர். தமிழுக்கு விரோதி என்று நம் பக்கம் திட்டு வாங்குகிற ஃபார்மரும் விட்ஸலும் வேறு என்ன செய்தார்கள் தெரியுமா? ஜா, ராஜாராம் என்ற இருவர் சிந்து எழுத்தில் வேதகால சமஸ்கிருதத்தைப் படித்துவிட்டதாக 2000-இல் புத்தகம் போட்டார்கள். ஆதாரமாக, வேதத்தில் வரும் குதிரை இருப்பதாக அவர்கள் சொன்ன ஒரு முத்திரைத் துண்டு. ஃபார்மரும் விட்ஸலும் அந்தத் துண்டின் தெளிவான பழைய படத்தைத் தேடி எடுத்து, முழுசாக இருக்கும் மற்ற முத்திரைகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அது உடைந்துபோன ஒற்றைக்கொம்பு விலங்கு என்று அதே வருடம் ஃப்ரண்ட்லைன் இதழில் காட்டினார்கள். அந்த வாசிப்பு முறையில் உயிரெழுத்தை இஷ்டப்படி போட்டுக்கொள்ளலாம் என்பதையும் காட்டினார்கள். உயிரை இஷ்டத்துக்குப் போடலாம் என்றால் 'க', 'ல்' என்ற இரண்டிலிருந்து கல், கால், கோல், கூலிவரை எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். நம் வீட்டு மளிகைப் பட்டியலைக்கூட அதில் படித்துவிடலாம்.

ஆக, வெட்டு இரண்டு பக்கமும்தான் விழுகிறது.

துறையே தப்பாக இருந்தது இல்லையா?

இருந்திருக்கிறது, அதுவும் இந்தக் கதையோடு ஒட்டியே. யூரி நோரோசோவ் என்ற ரஷ்யர் மத்திய அமெரிக்காவின் மாயா எழுத்துகளில் ஒலிக்குறிகள் உண்டு என்று 1952-இல் எழுதினார். அப்போது அந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்த எரிக் தாம்சன் கடுமையாக எதிர்த்தார். நோரோசோவ் சொன்னது பரவலாக ஏற்கப்பட 20 வருடத்துக்கு மேல் ஆனது. இன்று மாயா வாசிப்பின் அடித்தளமே அதுதான். அதே நோரோசோவின் குழு 1960-களில் சிந்துக் குறிகளையும் கணினியில் ஆராய்ந்து, மொழியமைப்பு திராவிடம் போலிருக்கிறது என்றது. மாயாவில் அவர் சரி என்பதால் சிந்துவிலும் சரி என்று ஆகிவிடாது. ஏற்கப்படாதது எல்லாம் பொய்யும் இல்லை. "இன்றைய தேதிக்குத் துறை ஏற்கவில்லை" என்றால் அதற்கு அவ்வளவுதான் பொருள்.

விருது கொடுத்தார்கள், பரிசு அறிவித்தார்கள். அதற்கு மதிப்பு இல்லையா?

மதிப்பு உண்டு, வேறு வகை மதிப்பு. 2010 கோவை செம்மொழி மாநாட்டில் பர்ப்போலாவுக்கு விருது கொடுத்தது அவருடைய உழைப்புக்கு நாம் செய்த மரியாதை. 2025 ஜனவரியில், சிந்து எழுத்தைப் படிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். யோசித்துப் பாருங்கள், படித்து முடித்திருந்தால் பரிசு எதற்கு?

தமிழ்நாட்டுப் பானைக் கீறல்களில் 90 சதவீதம் சிந்துக் குறிகளோடு ஒத்துப்போகிறதாமே?

மாநிலத் தொல்லியல் துறையின் ஒப்பாய்வு சொல்வது வடிவ ஒற்றுமை. கீறல்களைத் தொகுத்து ஆவணப்படுத்தியது நல்ல வேலை, எந்தப் பக்கத்தில் இருப்பவருக்கும் பயன்படும். ஆனால் ஏணி, அம்பு, பெருக்கல் குறி, கட்டம் மாதிரி எளிய வடிவங்கள் தொடர்பே இல்லாத ஊர்களிலும் கிடைக்கும். இடையில் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி வேறு. ஒத்த வடிவம் ஒத்த ஒலியைத் தந்துவிடாது.

ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது என்பது?

இதைச் சொன்னவர் சுசுமு ஓனோ. பழைய ஜப்பானிய மொழியில் பெரிய ஆள், அவர் தொகுத்த அகராதியை அங்கே மதித்துப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்த் தொடர்பை மட்டும் மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை, அவரே பின்னாளில் ஜப்பானிய மொழியைக் கலப்பு மொழி என்று மாற்றிச் சொன்னார். மகாதேவன் பற்றிய பதிலை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டில் உட்கார்ந்தபடி நான் எப்படிப் பார்ப்பது?

கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையைத் தேடி, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், திட்டுவதற்கும் மேற்கோள் காட்டுவார்கள். நான்கைந்தைத் திறந்து அந்த வரியை மட்டும் படியுங்கள். "காட்டினார்" என்கிறார்களா, "கருதுகிறார்" என்கிறார்களா, "இதை வைத்து மேலே போனால்" என்கிறார்களா? எழுதியவரின் மாணவர்களும் நண்பர்களும் மட்டுமே பட்டியலில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அப்புறம் புத்தக மதிப்புரைகள். ஆய்விதழ்களின் கடைசிப் பக்கங்களில் இருக்கும், யாரும் புரட்டுவதில்லை. பாராட்டித் தொடங்கி மூன்றாவது பத்தியில் "எனினும்" என்று வரும் பாருங்கள், அங்கிருந்து படித்தால் போதும்.

ஒன்றுமே அகப்படவில்லையா? யாரும் மறுக்கவில்லை, யாரும் பயன்படுத்தவும் இல்லையா? ஒரு புதிய கட்டுரைக்கு அது சகஜம். பத்து வருடப் பழைய புத்தகம் என்றால் அந்த மௌனமே பதில்.

நாளைக்கே ஒருவர் "படித்துவிட்டேன்" என்று அறிவித்தால் முதலில் என்ன கேட்பீர்கள்?

1857-இல் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தில் செய்ததைச் செய்யலாமா என்று கேட்பேன். பழைய ஈராக்கின் ஆப்பு வடிவ எழுத்தில் இருந்த அக்காடிய மொழியைப் படிக்க முடிகிறது என்று சிலர் சொன்னபோது பலர் நம்பவில்லை. முதலாம் திக்லத்-பிலேசர் என்ற அசீரிய அரசரின் ஒரே பொறிப்பு வாசகத்தை ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பர்ட் என்ற நான்கு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்தார்கள். நான்கும் முத்திரையிட்ட உறைகளில் வந்துசேர்ந்தன. நடுவர்கள் பிரித்துப் பார்த்தால், அங்கங்கே வேறுபாடு இருந்தாலும் நான்கும் அடிப்படையில் ஒரே விஷயத்தைச் சொல்லின.

சிந்து எழுத்துக்கு இப்போதைக்கு நான்கு உறை வாங்கினால் நான்கிலும் நான்கு கதை இருக்கும். இதை அக்கா மகனிடம் சொன்னேன். "அப்போ அந்த 10 லட்சம் டாலர் இன்னும் அப்படியே இருக்கா மாமா?" என்று கேட்டான்.

இருக்கிறது.